கடைவீதியின் கல்விக்கடன்

கோடை விடுமுறை நெருங்கும்போது, திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளில் ஆடைத்துறை பயிலும் மாணவியர் துறைத்தலைவரின் கடிதமொன்றை ஏந்திக் கடைவீதிக்கு வருகின்றனர். மலைக்கோட்டையின் அடிவாரத்தில், தெப்பக்குளத்தைச் சுற்றியும், நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையிலும், சின்னக்கடைத் தெருவிலும் நிற்கும் ஜவுளி மாளிகைகளுள் ஏதேனும் ஒன்று ஒரு திங்கள் உள்ளகப் பயிற்சிக்குத் தம்மை ஏற்காதா என்பது அவர்தம் வேண்டுகோள். ஏற்கும் கடைகள் உண்டு. ஏற்றபின் அவை அம்மாணவியரை என்ன செய்கின்றன என்பதே நம் கவலை.

பல இடங்களில் நிகழ்வது இதுதான். முதல்நாள் மேலாளர் பெயரைக் குறித்துக்கொண்டு ஒரு பிரிவில் நிறுத்துகிறார். வாடிக்கையாளர் புரட்டிப் போட்ட புடவைகளை மாணவி மடித்து அடுக்குகிறார். மாலை நெரிசலில் பணம் செலுத்துமிடத்தில் நின்று பைகளை எடுத்துக் கொடுக்கிறார். முப்பது நாள் கழிந்தபின் முத்திரையிட்ட சான்றிதழ் கைக்கு வருகிறது. கல்லூரி அதனைக் கோப்பிலிட்டு மதிப்பெண் வழங்குகிறது. எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் கற்றவர் ஒருவருமில்லை. புடவை மடிப்பதை இழிதொழில் என்று நாம் சொல்லவரவில்லை. பட்டுக்கும் பருத்திக்கும், கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள வேறுபாட்டை விரல் அறிவதற்கு அதனினும் நல்ல பள்ளி இல்லை. முதற்கிழமைக்கு அது போதும். நான்காம் கிழமையிலும் அதுவே பாடமாயின் அந்தப் பயிற்சிக்குப் பொருளில்லை.

‘மெர்ச்சண்டைசிங்’ என்று பாடத்திட்டம் குறிக்கும் கல்வி எதைப் பற்றியது? எந்தத் துணியை, எத்தனை எண்ணிக்கையில், எந்த விலையில், எந்நாளில், எந்த வண்ணத்திலும் அளவிலும் வாங்கி வைத்தால் அது தேங்காமல் விற்றுத் தீரும் என்று முன்கூட்டியே முடிவு செய்யும் கலை அது. திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களில் அதனைச் செய்வோர் வெளிநாட்டுக் கொள்முதலாளருக்கும் தையற்கூடத்துக்கும் இடையே நின்று மாதிரி, விலை, நாள் மூன்றையும் காப்பவர். சில்லறை விற்பனைக் கடையில் அப்பணி கொள்முதல் செய்வோருடையது. சூரத்துக்கும் காஞ்சிக்கும் இளம்பிள்ளைக்கும் ஈரோட்டுச் சந்தைக்கும் சென்று, ஒரு கட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்து ‘இது நம் ஊரில் போகும், இது போகாது’ என்று சொல்லும் மூத்தவர் திருச்சியின் ஒவ்வொரு பெரிய கடையிலும் இருக்கிறார். அவர் அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. அவரருகில் அமர்வதற்கே மாணவி வந்தாள். பை கொடுக்குமிடத்தில் நிறுத்திவிட்டோம்.

மாணவரை ஏற்றுத் தொழில் கற்பிப்பது இவ்வூருக்குப் புதியதன்று. 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த இரயில்வே பணிமனை தலைமுறை தலைமுறையாகத் தொழில் பழகுநரை உருவாக்கியிருக்கிறது. 1960-களில் திருவெறும்பூரில் எழுந்த பெல் ஆலையும் அவ்வாறே. அங்கே பழகுநருக்குப் பயிற்றுநர் உண்டு. ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு மாற்றும் ஒழுங்கு உண்டு. அன்றன்று செய்ததை எழுதிக் கையொப்பம் பெறும் பதிவேடு உண்டு. இரும்பைக் கையாளக் கற்பிப்பதில் இத்துணை முறைமை கண்ட நகரம், துணியைக் கையாளக் கற்பிப்பதைத் தற்செயலுக்கு விட்டுவிட்டது. இத்தனைக்கும் துணி இங்கே இரும்பினும் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வணிகக் கையேடு அர்கரு என்னும் உள்நாட்டு ஊரின் பெயரால் வழங்கிய மென்துகிலைக் குறிக்கிறது. அவ்வூர் இன்று இந்நகருள் அடங்கிய உறையூரே என்பது அறிஞர் பலர் துணிபு. பொன்மலையின் பதிவேடு கடைவீதிக்கும் வரவேண்டும் என்பதே இத்தலையங்கத்தின் வேண்டுகோள்.

முதலில் திருத்தப்பட வேண்டியது காலம். கல்லூரிக்கு விடுமுறை மே திங்களில். கடைக்கு ஆள் தேவைப்படுவதோ ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தைய மூன்று கிழமைகளில். இவ்விரண்டில் ஒன்றையே பயிற்சிக் காலமாகக் கொள்கிறோம். கற்கத்தக்க காலம் இரண்டிற்கும் இடையே கிடக்கிறது. ஆடியில் திருமணங்கள் இல்லை; தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிக் கடையைக் காலி செய்யும் மாதம் அது. எது தேங்கியது, ஏன் தேங்கியது, எவ்வளவு விலை குறைத்தபின் நகர்ந்தது என்பது அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும். அதே ஆடியிலும் ஆவணியிலும் தீபாவளிக்கான கொள்முதலின் பெரும்பகுதி முடிவாகிறது. விற்பனையின் ஆரவாரத்தை ஐப்பசியில் காணும் மாணவி, அதன் மூலத்தை ஒருபோதும் காண்பதில்லை. தீபாவளி முடிந்த மறுகிழமை, மிஞ்சியதை எண்ணிக் கணக்கிடும் நாள்களையும் அவள் காண்பதில்லை. அந்நாள்களில் எவரும் பயிற்சி மாணவரை அழைப்பதில்லை. நம் கணிப்பில் ஆண்டின் சிறந்த பாடம் அதுவே.

ஆகவே ஒரு திங்களை ஒரே துண்டாக வெட்டிக் கொடுக்கும் வழக்கத்தைக் கல்லூரியும் கடையும் கைவிடுதல் நலம். மே திங்களில் இரு கிழமை. ஆடி, ஆவணியில் கிழமைக்கு ஒருநாள். தீபாவளிக்கு முன் சில நாள். பின்பு இருப்பெடுக்கும் போது மூன்று நாள் என்று பிரித்தால் வணிகத்தின் முழுச்சுற்றும் விளங்கும். ஜூனில் தொடங்கும் பருவத்தின் நடுவே இது எப்படி இயலும் என்று பேராசிரியர் வினவலாம். பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவரின் உள்ளகப் பயிற்சிக்கு மணிக்கணக்கில் மதிப்பளிக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. தொடர்ச்சியான முப்பது நாளே பயிற்சி என்னும் பிடிவாதத்துக்கு இனி இடமில்லை. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவும் தன்னாட்சிக் கல்லூரிகளும் மனம்வைத்தால் ஓராண்டில் ஆகக்கூடிய மாற்றம் இது.

அடுத்தது, மாணவர் கையில் ஒரு கேள்வி இருக்கவேண்டும். ‘எல்லாவற்றையும் பார்த்துக்கொள்’ என்று விடப்பட்டவர் எதையும் பார்ப்பதில்லை. காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்வோர் அறிவர்: உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் வாழும் குடும்பங்களின் உடைத்தேவை நகரத்தின் தேவையன்று. ஒன்பது கஜப் புடவை அங்கே இன்றும் கேட்டு வாங்கப்படும் பொருள். வேட்டியில் அளவு பத்தாறா, ஒன்பதைந்தா என்று கேட்காமல் அங்கே கடை நடத்த இயலாது. பட்டின்மேல் பட்டு உடுத்தும் அரங்கத்து உற்சவர் நம்பெருமாளுக்கே, இசுலாமிய இளவரசியாகப் போற்றப்படும் துலுக்க நாச்சியாரின் பொருட்டுக் கைலி சாற்றும் வழக்கமுள்ள ஊர் அது. எந்த நாளுக்கு எந்த உடை என்னும் நுட்பம் அம்மண்ணில் ஊறியது. ஒன்பது கஜத்தை யார் வாங்குகின்றனர்? நாள்தோறும் உடுத்தும் மூதாட்டியரா, திருமணத்துக்கு ஒருமுறை மட்டும் உடுத்தும் இளம்பெண்களா? கட்டிக்கொள்ளும் வகையில் முன்னமே தைத்துவைத்த மடிசாருக்கு மாறியோர் எத்தனை பேர்? வைகுண்ட ஏகாதசிக்கு ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் வரும் அடியார் ஊர் திரும்புமுன் எந்தத் துணியை, எந்த விலைக்குள் வாங்குகின்றனர்? இவற்றுள் ஒன்றுக்கு விடைகாண ஒரு மாணவிக்கு ஆறு கிழமை போதும். அந்த விடை கடைக்கு உதவும். வெறும் வீட்டுப்பாடமாகப் போகாது.

சமயபுரத்துக்கு மஞ்சளாடை உடுத்தி நடப்போர், கார்த்திகையில் கருப்பும் நீலமும் காவியும் தேடும் ஐயப்ப அடியார், மே இறுதியில் பள்ளிச் சீருடைக்கு அலையும் பெற்றோர் எனத் திருச்சியின் ஆண்டு துணிகளால் பகுக்கப்பட்டிருக்கிறது. கருப்பு வேட்டி சில கிழமையில் விற்றாக வேண்டிய சரக்கு. மகரவிளக்கு கழிந்தபின் அது அடுத்த ஆண்டுவரை பரணில் கிடக்கும். எத்தனை கட்டு வாங்குவது என்பதை இதுகாறும் முதலாளியின் நினைவு முடிவு செய்தது. கடந்த நான்காண்டு விற்பனைப் பட்டியலைக் கணினியிலிருந்து எடுத்துக் கிழமைவாரியாக வரைந்து காட்ட ஒரு மாணவியால் முடியும். பட்டியல் நினைவை உறுதிசெய்தாலும் மறுத்தாலும் இருவருக்கும் ஆதாயமே.

தைத்த ஆடையின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இந்தியருக்குரிய அளவு அட்டவணை ஒன்றை வகுக்க நிஃப்ட் என்னும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 25,000 பேரை அளக்கும் பெரும்பணியை மேற்கொண்டது. அதற்கென முதலில் அறிவித்த ஆறு நகரங்கள் கொல்கத்தா, மும்பை, புதுதில்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். அப்பட்டியலில் தமிழ்நாட்டு நகரம் ஒன்றுமில்லை. நம் கடைகளிலோ, வாங்கிய சுடிதாரைப் பிடித்துத் தைக்கும் தையற்காரர் ஒவ்வொரு மாடியிலும் அமர்ந்திருக்கிறார். எந்த அளவு உடை எங்கே, எத்தனை விரல் பிடிக்கப்படுகிறது என்பதை மூன்று மாதம் ஒரு மாணவி குறித்துவந்தால், அடுத்த கொள்முதலில் எந்த அளவை மிகுக்கலாம், எதனைக் குறைக்கலாம் என்பது தெளிவாகும். தையற்காரர் அறிந்த இவ்வுண்மை இன்றுவரை மாடிப்படியைத் தாண்டிக் கொள்முதல் அறைக்கு வந்ததில்லை. விலையும் அவ்வாறே ஆராயத்தக்கது. தைத்த ஆடைக்கு 5 விழுக்காடு வரியின் எல்லை முன்பு 1,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் அது 2,500 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. 999 ரூபாய் என்னும் விலைச்சீட்டுக்கு அன்றுவரை இருந்த வரிக்காரணம் மறைந்துவிட்டது. பழைய விலைப்படிகளை மாற்றுவதா, வாடிக்கையாளரின் மனப்பழக்கத்தை மதித்து வைத்துக்கொள்வதா என்பது பாடநூலில் கிடைக்காத வினா.

இவ்வளவும் கேட்டபின் கடைக்காரர் சொல்லும் மறுப்புகளை நாம் புறக்கணிக்கவில்லை. அவற்றுள் வலியது, கொள்முதல் விலை வெளியேறிவிடும் என்னும் அச்சம். இவ்வணிகத்தில் மறைபொருள் என்று ஒன்றிருந்தால் அது எந்த ஊரில், யாரிடம், என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதே. எதிர்க்கடை உரிமையாளரின் உறவினர் மகளே பயிற்சிக்கு வந்து நிற்கலாம். இதற்கு மருந்து கதவடைப்பன்று, எழுத்துமூல உடன்பாடு. கொள்முதல் விலைக்குப் பதிலாகக் குறியீட்டெண் கொடுத்தும் விற்பனை வேகத்தை ஆராயச் செய்யலாம். கடையின் மறைபொருளைக் காக்கும் அதே தாள், மாணவி வரைந்த வடிவமோ காட்சியமைப்போ பயன்படுத்தப்பட்டால் அவர் பெயர் குறிக்கப்படும் என்றும் உறுதி சொல்லவேண்டும். காவல் இருபுறமும் இருப்பதே முறை. மற்றொரு மறுப்பு, கற்பிக்க ஆளுக்கு நேரமில்லை என்பது. உண்மையே, ஐப்பசியில் இல்லை. ஆவணியின் ஒரு பிற்பகலில் பிரிவுத் தலைவருக்கு ஒருமணி நேரம் கிடைக்காது என்பதை நாம் நம்பவில்லை.

இனி உதவித்தொகை. முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் இலால்குடியிலிருந்தும் வரும் மாணவியருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி கண்டவர்கள். ஊதியமில்லாப் பயிற்சி என்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்த வாயில். சட்டம் இதில் முழுவதும் வாய்மூடியிருக்கவில்லை. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ், 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஆள்தொகையில் 2.5 முதல் 15 விழுக்காடுவரை பழகுநரை அமர்த்தக் கடமைப்பட்டவை. 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய் என்னும் அடிநிலைத் தொகையை வகுத்தன. தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் அதன் பாதியை மைய அரசு ஈடுசெய்யும். கல்லூரிப் பருவத்தில் வரும் குறும்பயிற்சிக்கு இவ்விதி நேரே பொருந்தாது. ஆயினும் பயிற்சியில் தேர்ந்தவளைப் பட்டம் பெற்றபின் ஓராண்டு பழகுநராக அமர்த்திக்கொள்ள வழி இருக்கிறது. அதனை அறிந்த பெருங்கடைகள் எத்தனை? குறும்பயிற்சிக் காலத்திலேனும் பேருந்துச் செலவும் பகலுணவும் ஒரு சிறுதொகையும் தருவதைக் கொடை என்று கருதலாகாது. அயலார் இதனை நீதிமன்றத்தில் கற்றனர். வோக் இதழை வெளியிடும் அமெரிக்கக் கொண்டே நாஸ்ட் நிறுவனம், பயிற்சியாளருக்குரிய ஊதியம் தரவில்லை என்ற வழக்கில் 2014-இல் 58 லட்சம் டாலர் தந்து இணங்க நேர்ந்தது. வழக்கு எழுந்தபோது பயிற்சித் திட்டத்தையே மூடியது. இரண்டாவதையேனும் நம்மவர் பின்பற்ற வேண்டா.

தமிழ்நாட்டின் நெசவுத் தொழிலுக்குப் பயிற்சி என்னும் பெயரில் ஒரு பழைய கறை உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று வழங்கியதன்கீழ் ஏழைப் பெண்பிள்ளைகள் பயிற்சியாளர் என்ற பெயரில் மூன்றாண்டு அடைபட்டு உழைத்தனர். திருமணத்துக்கு உதவும் என்று சொல்லி இறுதியில் தருவதாயிருந்த மொத்தத் தொகைக்காக அன்றாட ஊதியம் குறைக்கப்பட்டது. இடையில் நோயுற்று நீங்கியோர் அதனையும் இழந்தனர். கடைவீதியின் ஒரு திங்கள் பயிற்சியை அதனோடு ஒப்பிடுவது மிகையே. அவ்வாறு ஒப்பிட நாம் முனையவில்லை. ஆனால் தொழிலாளியின் வேலையைச் செய்வித்து மாணவர் என்று பெயர் சூட்டும் வழக்கம் எந்த அளவில் தொடங்கினாலும் எவ்விடம் போய் முடியும் என்பதற்கு இம்மாநிலம் வெளியே சான்று தேட வேண்டியதில்லை. விழாக்காலத்துக்கு விற்பனையாள் வேண்டுமாயின், விற்பனையாள் என்றே சொல்லி, அதற்குரிய கூலி கொடுத்து அமர்த்துக.

பாதுகாப்பைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். ஏனெனில் இது வேண்டுகோள் அன்று, சட்டம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பணியாளர் என்னும் சொல் பயிற்சியாளரையும் பழகுநரையும் உள்ளடக்கும். பத்துப்பேர் பணிபுரியும் கடையில் உள்ளகக் குழு இருந்தாகவேண்டும். அதன் உறுப்பினர் யார் என்பதை மாணவி முதல்நாளே அறியவேண்டும். கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டம் திருத்தின. திருச்சிக் கடைகளில் அந்த இருக்கைகள் எங்கே என்று பயிற்சிக்கு வரும் மாணவியர் வினவுவாராயின், கூட நிற்கும் ஊழியருக்கும் அது நன்மையாய் முடியும். இரவு கடையடைக்கும் வரை மாணவியை நிறுத்துதல் தகாது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க அவர் ஓடும் நிலைக்கு எந்தப் பாடமும் ஈடாகாது.

மாளிகைக் கடைகளை மட்டுமே பேசிவிட்டோம். மணப்பாறைக்கு அப்பால் புத்தாநத்தத்தில் ஆயத்த ஆடை தைக்கும் சிறுகூடங்கள் நிறைந்துள்ளன. துணி வெட்டுமிடமும் தைக்குமிடமும் விலைபேசுமிடமும் அங்கே ஓரிடத்தில் இருப்பதால், ஒரு குழந்தையுடைக்குத் துணி எவ்வளவு, கூலி எவ்வளவு, பொத்தான் எவ்வளவு என்று ஒரே நாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். பெருங்கடையில் ஓராண்டு நின்றாலும் இது வாய்க்காது. உறையூரிலும் மணமேட்டிலும் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. தறி நூலுக்கும் விற்கும் விலைக்கும் இடையே நெசவாளி கைக்கு வருவது என்ன என்பதை மாணவர் அங்கே கற்கலாம். இவ்விடங்களில் உதவித்தொகை தர ஆற்றல் இல்லை என்பது உண்மை. 1935 முதல் நெசவாளர் துணியை விற்றுவரும் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் கைத்தறித் துறையும் அப்பொறுப்பை ஏற்கலாம். ‘நான் முதல்வன்’ போன்ற திறன் பயிற்சித் திட்டங்களுக்குப் பெருந்தொகை செலவிடும் மாநில அரசுக்கு இது பெருஞ்சுமையன்று. அரசு முன்வரும்வரை, பெருங்கடையில் சேர்ந்த மாணவியை ஒரு கிழமை புத்தாநத்தத்துக்கும் ஒரு கிழமை உறையூருக்கும் கடையே தன் செலவில் அனுப்பிவைக்கலாம். அத்துணி வந்து விற்குமிடம் அக்கடைதானே.

கல்லூரிகளுக்கும் நாம் சொல்ல வேண்டியதுண்டு. மாணவியைக் கடிதத்தோடு அனுப்பிவிட்டுச் சான்றிதழுக்குக் காத்திருப்பது ஆசிரியப் பணியாகாது. வழிகாட்டும் பேராசிரியர் இருமுறையேனும் கடைக்குச் சென்று பிரிவுத் தலைவரோடு அமர்ந்து பேசவேண்டும். பேராசிரியருள்ளும் பலர் கொள்முதல் அறையின் உட்புறத்தைக் கண்டதில்லை என்பதால் இருவழியிலும் பயனுண்டு. மாணவர் நேரத்துக்கு வருவதும், சொல்லாமல் விடுப்பெடாமையும், பிரிவில் நாற்பதாண்டு நின்ற மூத்த விற்பனையாளரிடம் பணிவும் பயிற்சிக்கு முன்பே கற்பிக்கப்பட வேண்டியவை. பட்டம் பெறப்போகிறோம் என்னும் செருக்கோடு வந்து, அம்மூத்தவரின் பேச்சை அலட்சியம் செய்து, ஒன்றும் பெறாமல் திரும்புவோர் உண்டு.

வரும் ஆடிக்குமுன் ஜவுளி வணிகர் சங்கத்தினரும் ஆடைத்துறை கற்பிக்கும் கல்லூரிகளின் முதல்வர்களும் ஒருநாள் கூடுவார்களாக. முதலாண்டில் பத்துக் கடைகள், கடைக்கு ஒரு மாணவர் என்று தொடங்கினால் போதும். ஐம்பது பேரை ஏற்று நிற்கவைப்பதினும் ஒருவரை ஏற்று அமரவைப்பது நன்று. கடைக்கு ஒரு பயிற்றுநர் பெயர், மாணவருக்கு ஒரு கேள்வி, கிழமைதோறும் கையொப்பமிடும் பதிவேடு ஆகிய மூன்றும் அக்கூட்டத்திலேயே முடிவாகட்டும். இறுதியில் வழங்கும் சான்றிதழில் ‘நன்னடத்தையுடன் பயிற்சி முடித்தார்’ என்னும் அச்சிட்ட வரியை நீக்கிவிட்டு, இன்ன பிரிவில் இன்னதை ஆராய்ந்தார், இதைக் கண்டார், அதன்படி கொள்முதலில் இதை மாற்றினோம் அல்லது இந்தக் காரணத்தால் மாற்றவில்லை என்று உரிமையாளர் தம் கைப்பட நான்கு வரி எழுதித் தருவாராக.